நடராஜருக்கு முன்னால் ஆற்று மணல்: திகன மண்ணில் ஆனந்த குமாரசுவாமி

சேரன்டிபைற் என்றொரு கல் இருக்கிறது. நீலமும் சாம்பலும் கலந்த நிறம், சில துண்டுகள் கறுப்புக்கே நெருங்கிவிடும். சுண்ணாம்புப் பாறையும் வேறொரு பாறையும் ஒட்டும் விளிம்பில், பூமியின் ஆழத்தில், பெருஞ்சூட்டில் உருவாகிறது. பட்டை தீட்டக்கூடிய தரத்தில் கிடைப்பது மிக அரிது என்பதால் கல் சேகரிப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இந்தக் கல்லை உலகம் முதன்முதலில் அறிந்துகொண்ட இடம் அம்பகோட்டைக்குப் பக்கத்திலுள்ள கங்கபிட்டிய. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியால் திகனக்கு வருகிறவர்கள் அம்பகோட்டையைத் தெரிந்திருப்பார்கள். திகனச் சந்தியிலிருந்து முச்சக்கரவண்டியில் போய் வரலாம்.

1903-ல் லண்டனில் வெளிவந்த கனிப்பொருளியல் சஞ்சிகை ஒன்றில் இந்தப் புதிய கல்லை இரண்டு பேர் சேர்ந்து விவரித்தார்கள். ஒருவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரையர். மற்றவர் ஏ. கே. குமாரசுவாமி. அராபிய வணிகர்கள் இந்தத் தீவை அழைத்த சேரன்டிப் என்ற பெயரைத்தான் கல்லுக்கு வைத்தார்கள்.

அந்தக் குமாரசுவாமியை எங்களில் பலருக்கு வேறு விதமாகத் தெரியும். கொழும்பில் கலாபவனத்துக்கு முன்னால் போகிற வீதிக்கு அவர் பெயர். 1971-ல் அவருக்கு முத்திரை வெளியிட்டார்கள். நடராஜர் சிலையின் பொருளை மேற்குலகுக்குச் சொன்னவர், கீழைத்தேயக் கலையின் பெரிய அறிஞர் என்று பாடசாலையில் இரண்டு வரி படித்திருப்போம். அவர் தொழிலால் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதும், இந்த நாட்டின் கனிப்பொருள் அளவைக்கு முதல் இயக்குநர் என்பதும், ஆற்று மணலையும் சரளையையும் ஆராய்வது அவரது திணைக்களத்தின் வேலையாக இருந்தது என்பதும் அந்த இரண்டு வரிக்குள் வருவதில்லை.

எனக்கு இது தெரியவந்தது வேலையால். எங்கள் ஊர் மூதூர் கிழக்கு. 2006 சித்திரையில் வெளிக்கிட்டோம். கிளிவெட்டி முகாமில் இருந்து படித்து, பிறகு வேலை தேடி மலைநாட்டுப் பக்கம் வந்து, இப்போது பல வருடங்களாகத் திகனயில் வாடகை வீட்டில் இருக்கிறேன். விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் அதற்கு மேலேயுள்ள ஆற்றிலும் தண்ணீரும் அடிச்சேறும் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற குழுவில் நான் ஓர் உதவியாளர். படகோட்டி ஒருவர், நான், எங்களுக்கு மேலே ஒரு ஐயா. அவ்வளவுதான் குழு.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத்தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறிப்போம். அது தண்ணீரின் தெளிவு. பிறகு போத்தலில் தண்ணீர். பிறகு இரண்டு தாடை உள்ள இரும்புக் கரண்டி ஒன்று கீழே போய் ஒரு வாய் சேற்றைக் கடித்துக்கொண்டு மேலே வரும். சேறுதான் முக்கியம். போத்தலில் எடுத்த தண்ணீர் அந்த நேரத்துத் தண்ணீரை மட்டும் சொல்லும். நேற்றுப் பெய்த மழையும், போன மாதம் மரக்கறித் தோட்டத்துக்குப் போட்ட பசளையும், மேலே யாரோ கரையை வெட்டியதும் அடையலில்தான் பதிந்து கிடக்கும். மெல்லிய களித்துகள்கள் பொஸ்பேற்றையும் உலோகங்களையும் பூச்சிகொல்லியையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். மணலில் அவை அவ்வளவு தங்காது. அதனால் அரித்துப் பிரித்து, உலர்த்தி, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தது ஒன்று: பையில் சீட்டு ஒட்டாத மாதிரி வெறும் சேறு. எந்த இடம், எந்த ஆழம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதாவிட்டால் அதை ஆற்றிலேயே திரும்பக் கொட்டிவிடலாம்.

குமாரசுவாமியின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தச் சீட்டைத்தான் நான் திரும்பத் திரும்பக் கண்டேன்.

அவரது தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி. பாட்டன் காலத்தில் வடமராட்சியின் கெருடாவிலிலிருந்து கொழும்புக்குப் போய், அரச உத்தியோகத்தாலும் சட்டநிரூபண சபையாலும் உயர்ந்த குடும்பம். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துவின் மருமக்கள். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் லண்டனில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது முத்துவோடு தொடங்கியது என்று எழுதுவார்கள். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். பாளி நூல்களான சுத்த நிபாதத்தையும் தாதவம்சத்தையும் 1874-ல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவர்தான். சைவத் தமிழர் ஒருவர் பௌத்தத்தின் பழைய நூல்களை மொழிபெயர்த்தார் என்பது அந்தக் காலத்தில் ஆச்சரியமான செய்தியாக இருக்கவில்லை.

முத்து கென்ற் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். 1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பில் ஆனந்தர் பிறந்தார். தாயின் ஊரை நினைத்து நடுப்பெயராக கென்ரிஷ் என்று வைத்தார்கள். இரண்டு வயது நிறைய முன்னரே பிள்ளையும் தாயும் இங்கிலாந்து போய்விட்டார்கள். பின்னால் போக இருந்த முத்து 1879 மே மாதம், கப்பல் ஏற இருந்த நாளிலேயே, இறந்துபோனார். தகப்பனின் முகம் நினைவில் இல்லாமல், தகப்பனின் நாட்டுக்கு வெளியே, தாயின் மொழியில் அந்தப் பிள்ளை வளர்ந்தது. வெளிநாடுகளில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கிற தாய் தகப்பன்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரில் விக்ளிஃப் கல்லூரியில் படித்தார். பாடசாலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு குன்றின் பாறைகளைப் பற்றி 1895-ல் பாடசாலைச் சஞ்சிகையில் எழுதினார். அதுதான் அச்சில் வந்த அவரது முதல் எழுத்து. பின்னால் வேதாந்தம், சிற்பம், பிளேட்டோ என்று எழுதிக் குவித்த மனிதர் கல்லில் இருந்துதான் தொடங்கினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900-ல் பட்டம் பெற்றார். அதே வருடம் இலங்கையின் பாறைகளையும் காரியத்தையும் பற்றி லண்டன் புவிச்சரிதவியல் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. காரியம் என்றால் பென்சில் காரியம். அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் இலங்கைக் காரியத்துக்குப் பெரிய இடம் இருந்தது, அதனால் பிரிட்டிஷ் அரசுக்கு இந்தப் பாறைகளில் அக்கறையும் இருந்தது.

1902-ல் அதே சஞ்சிகையில் இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றி எழுதினார். திகனயில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பாறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் காலடியில் இருப்பதே அதுதான். தொலமைற் அகழ்கிற குழிகள், சுண்ணாம்புச் சூளைகள், வெள்ளைப் புழுதி படிந்த மரங்கள், தேயிலைக்கும் தென்னைக்கும் போடும் தொலமைற் மூடைகளை ஏற்றி நிற்கும் லொறிகள் எல்லாம் அந்தப் பாறையின் பிழைப்பு. கங்கபிட்டியவின் நீலக் கல்லும் அந்தச் சுண்ணாம்புப் பாறையின் ஓரத்தில் கிடைத்ததுதான்.

1903-ல் அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு இயக்குநரானார். வயது இருபத்தைந்து. முதல் வருடந்தான் எதெல் மேரி பார்ட்ரிஜ்ஜை மணந்திருந்தார். இருவரும் மாட்டு வண்டியில் மலைநாட்டுக் கிராமங்களுக்குப் பயணம் போனார்கள். அவர் கல்லும் மண்ணும் பார்ப்பார், மனைவி படம் பிடிப்பார்.

மண்ணைப் பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இன்றைக்குச் செய்வதும் அதன் தொடர்ச்சிதான். ஒரு மலை முழுவதையும் உடைத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் மழையும் வெயிலும் ஏற்கெனவே உடைத்து ஆற்றில் போட்டிருக்கிறது. இலேசான துகள்களைத் தண்ணீர் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். பாரமானவை வளைவுகளிலும், பாறைக்குப் பின்னாலும், பழைய ஆற்றுப் படுகையின் அடியிலும் தங்கிவிடும். மாணிக்கம் தோண்டுகிறவர்கள் இல்லம் என்று சொல்கிற சரளைப் படை அப்படித் தங்கியதுதான். அதை வட்டியில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிக் கழுவினால் இலேசானது வெளியே போய் அடியில் ஒரு பிடி கறுத்த மண் மிஞ்சும். அந்தப் பிடி மண்ணில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று தெரிந்தால், அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே மேலே போய், அவை எந்தப் பாறையிலிருந்து வந்தன என்று தேடலாம். கீழே கிடைப்பதை வைத்து மேலே இருப்பதை அறிகிற வழி இது. ஒவ்வொரு பிடி மண்ணும் எந்த வளைவில் அள்ளியது என்று எழுதி வைக்காவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்.

பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில் அப்படி மிஞ்சிய மண்ணில் கறுப்பான சின்னச் சின்னக் கனசதுரப் படிகங்கள் கிடைத்தன. சாதாரணக் கல்லைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரம். யுரேனியம் உள்ள கல்லாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மாதிரி லண்டனுக்குப் போனது. இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் ஆராய்ந்து பார்த்தபோது அதில் முக்கால் பங்குக்குக் கிட்ட தோரியத்தின் ஒட்சைட்டு. அதுவரை யாரும் அறியாத கனிமம். 1904-ல் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்குத் தோரியம் தேவைப்பட்டது காஸ் விளக்கின் வலைக்கு. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் படித்த தலைமுறைக்கு அந்த வெள்ளை வலை மறந்திருக்காது.

அந்தக் கல்லின் கதை விளக்கோடு முடியவில்லை. அதே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஓட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் வந்திருந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னார்கள். 1905-ல் அவர் அதில் புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரேடியோதோரியம் என்று பெயர். அதுவரை சாதாரண இரசாயனம் படித்திருந்த ஹான் அதோடு கதிர்த்தொழிற்பாட்டின் பக்கம் திரும்பிவிட்டார். 1938-ல் கருப்பிளவைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் இந்த ஹான்தான். பலாங்கொடை ஆற்றுச் சரளைக்கும் ஹிரோஷிமாவுக்கும் நேர்க்கோடு போடுவது அபத்தம். ஆனால் ஒரு தீவின் ஆற்று மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிவது யாருடைய கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை மண் அள்ளுகிறவர் தீர்மானிப்பதில்லை. போரைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

அவர் எழுதியவற்றில் எனக்கு ஆச்சரியம் தந்தது இதற்கு அடுத்த கட்டம். கல் தேடிக் கிராமம் கிராமமாகப் போன மனிதரின் கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லிலிருந்து மனிதரின் கைக்குப் போகிறது. கண்டிச் சீமையின் விகாரைச் சுவரோவியங்கள், தந்தச் செதுக்கல், வெள்ளி வேலை, பாய் பின்னல், மட்பாண்டம் எல்லாம் அவர் கண் முன்னால் அழிந்துகொண்டிருந்தன. பழைய சுவர்களை இடித்துத் தகரம் போட்டார்கள், பழைய ஓவியத்தின் மேல் புதுச் சாயம் அடித்தார்கள். 1905-ல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, உங்கள் முன்னோர் கட்டியதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு என்ற கருத்தை முன்வைத்தார். அதே வருடம் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கோரிக்கைகளில் ஒன்று, பிள்ளைகள் சிங்களத்திலும் தமிழிலும் படிக்க வேண்டும் என்பது. ஆங்கிலத் தாயின் மகன், ஆங்கிலத்திலேயே எழுதியவர், இந்த இரண்டு மொழிகளுக்காகவும் ஒரே மூச்சில் வாதாடினார். பிறகு இந்த நாட்டில் இரண்டு மொழிகளையும் ஒன்றாகச் சொன்னவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1956-ல் எந்த மொழி மிஞ்சியது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அந்த வேலையின் பலன் 1908-ல் வந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெரிய புத்தகம். இங்கிலாந்தின் கிராமம் ஒன்றில், வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். தானே பக்கத்தில் நின்று அச்சு வேலையைப் பார்த்தார். கண்டியக் கலையைப் பற்றி இன்றைக்கும் யாரும் எழுதத் தொடங்கினால் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. இது அழகைப் புகழ்கிற புத்தகம் இல்லை. எந்தக் கைவினைஞருக்கு எந்தச் சேவைக்காக எந்தக் காணி கொடுக்கப்பட்டது, எந்தச் சமூகம் எந்த வேலையைச் செய்தது, புத்தர் சிலைக்குக் கண் திறக்கிற சடங்கு எப்படி நடந்தது, சாயம் எப்படிக் கலந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் வழியும் எழுதியிருக்கிறார். மாதிரிப் பையில் சீட்டு ஒட்டுகிற பழக்கம் அது. புவிச்சரிதவியலை விட்டுவிட்டுக் கலைக்குப் போனார் என்று வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டியின் கடைசி அரச வம்சம் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சம், விகாரைக்குள் இந்துத் தெய்வங்கள் இருக்கின்றன, சிங்களக் கலைக்குள் தெற்கிந்தியக் கை இருக்கிறது. ஆற்றுப் படுகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படைகளைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கலப்பு ஒரு குறையாகத் தெரியவில்லை.

1906-ல் இலங்கைக் கனிமங்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு லண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அந்த வருட முடிவோடு அரச வேலையை விட்டார். அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் பார்சன்ஸ் அளவையைப் பொறுப்பேற்றார்.

பிறகு வந்த நாற்பது வருடங்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுதான் எல்லோரும் எழுதிய பகுதி. எதெலோடு வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவர் பின்னால் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நெசவுக் கலைஞரானார். அந்தக் கதையை இன்னொரு நாள் யாராவது எழுத வேண்டும். குமாரசுவாமி இந்தியாவில் அலைந்து ராஜபுத்திர ஓவியங்களைச் சேர்த்தார். காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமைத்தால் தன் சேகரிப்பு முழுவதையும் தருகிறேன் என்று முன்வந்தார். யாரும் அமைக்கவில்லை. அந்தச் சேகரிப்பு 1917-ல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது, அதைப் பார்த்துக்கொள்ள அவரும் போனார். இறக்கும்வரை அங்கேதான் வேலை. நடராஜரைப் பற்றிய கட்டுரை 1912-ல் சென்னையின் சித்தாந்த தீபிகையில் வந்து, 1918-ல் சிவநடனம் என்ற ஆங்கிலத் தொகுப்பின் தலைப்பானது. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரம் காட்டித்தான் அந்தச் சிலையின் கைக்கும் காலுக்கும் பொருள் சொன்னார். உடுக்கு எதைக் குறிக்கும், தீ எதைக் குறிக்கும், ஊன்றிய பாதம் எது, தூக்கிய பாதம் எது என்று பிரித்துப் பிரித்து எழுதினார்.

1947 ஆகஸ்ட் 22-ல் எழுபதாவது பிறந்தநாளுக்கு பொஸ்டனில் நண்பர்கள் விருந்து வைத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு இந்தியாவுக்குத் திரும்பி இமயமலைப் பக்கம் அமைதியாக வாழ்வது அவரது எண்ணம். இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வாரம். மூன்று கிழமை கூட ஆகவில்லை, செப்டெம்பர் 9-ல் நீதம் என்ற ஊரிலுள்ள தன் வீட்டில் இறந்துபோனார். தகப்பன் கப்பல் ஏற இருந்த நாளில் போனார், மகன் திரும்பி வர ஆயத்தமான மாதத்தில் போனார்.

அவர் தொடங்கிய அளவை மட்டும் இறக்கவில்லை. பெயர் பல தடவை மாறி, 1992-ன் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்துக்குப் பிறகு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் என்று ஆனது. தன் தொடக்கத்தை அது 1903 என்றே கணக்கிடுகிறது. இந்தப் பெயரை வடக்குக் கிழக்கில் அறியாதவர் இல்லை. மணல் ஏற்றுகிற டிப்பருக்கும் உழவு இயந்திரத்துக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கிற இடம் அதுதான். மூதூரிலும் கிண்ணியாவிலும் வன்னியிலும் மன்னாரிலும் ஆற்று மணலைப் பற்றி எந்தப் பிரச்சினை வந்தாலும் கடைசியில் பேச்சு அந்த அனுமதிப்பத்திரத்தில்தான் போய் நிற்கும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அறிவதற்காக ஒரு தமிழர் முதல் இயக்குநராக நின்று தொடக்கிய அலுவலகத்தை, மண்ணை ஏற்றிப் போக அனுமதி தருகிற அலுவலகமாக மட்டும் எங்கள் சனம் அறிந்திருக்கிறது. அறிவதும் அனுமதிப்பதும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதா என்று கேட்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் அது தனிக் கட்டுரை.

மணல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் தண்ணீரை வாங்கிக்கொண்டு, எங்கள் கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. இன்னொரு கிளை வெருகலால் போகிறது. மாவிலாற்றின் மதகு 2006 யூலையில் மூடப்பட்டபோது நின்ற தண்ணீர் அந்த வெருகல் கிளையின் தண்ணீர். அந்தக் கோடையில் தொடங்கியது எங்கே முடிந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆயிரமாயிரம் வருடங்களாக மலைநாட்டுப் பாறை உடைந்து, ஆறாகி, கழிமுகத்தில் மணலாகியது. கடல் அதில் பாரமானதைப் பிரித்துக் கரையில் ஒதுக்கும். புல்மோட்டையின் கறுத்த இல்மனைற் மண் அப்படி மலைப் பாறைகளிலிருந்து பிறந்ததுதான். குமாரசுவாமி சரளையைக் கழுவிப் பிரித்ததைக் கடல் தானாகச் செய்திருக்கிறது.

இப்போது அந்த வழியில் கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று வரிசையாக அணைகள். விக்டோரியா 122 மீற்றர் உயரம். 1985-ல் மார்கரெட் தச்சரும் வந்திருந்து திறந்துவைத்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் மிச்சம் தெரியும், சனம் பார்க்க வரும். நாங்கள் சேறு எடுக்கப் போகிறபோது படகோட்டி அந்தப் பக்கம் காட்டி, இதில் ஒரு கடை இருந்தது, அதில் ஒரு கோயில் என்று சொல்வார். அவரது குடும்பமும் அங்கிருந்து எழும்பியதுதான். அபிவிருத்திக்காக எழும்பியவரும் போரால் எழும்பியவரும் ஒரே படகில் இருந்து சேறு அள்ளுகிறோம். அணைகள் தண்ணீரை விடும், மணலை விடாது. மேலேயிருந்து வருகிற அடையலின் பெரும்பகுதி தேக்கங்களில் தங்கிவிடுகிறது, பொல்கொல்லவில் அது பெரிய தலையிடி. அதே நேரம் கீழே, புதிதாக மணல் வராத ஆற்றில் டிப்பர்கள் அள்ளிக்கொண்டிருக்கின்றன. கரை ஏன் உடைகிறது, கிணற்றில் ஏன் உப்பு ஏறுகிறது என்று கேட்கிற என் ஊர்ச் சனத்துக்கு, மேலே என்ன தங்கியது என்ற கணக்குத்தான் முதலில் வேண்டும்.

அந்தக் கணக்கு எங்கள் கையால்தான் போகிறது. எத்தனையோ நூறு பைகளில் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். முடிவுகள் ஆங்கிலத்தில் அறிக்கையாகி எங்கோ ஓர் அலுமாரிக்குள் போய்விடும். அதில் ஒரு பக்கம்கூடத் தமிழிலோ சிங்களத்திலோ வந்து நான் பார்த்ததில்லை. மூதூருக்குப் போனபோது கமக்காரர் அமைப்பில் இருக்கிற மாமா ஒருவர், நீ அள்ளுகிற சேற்றைப் பற்றி எங்களுக்கும் சொல்லலாம்தானே என்று கேட்டார். சொல்வதற்கு என்னிடம் அறிக்கை இல்லை. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. குமாரசுவாமியின் அறிக்கைகளும் ஆங்கிலந்தான், ஆனால் அரசின் நிர்வாக அறிக்கைத் தொகுதியில் வருடா வருடம் அச்சாகி வெளிவந்தன.

திகனயைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 5-ல் இந்தச் சந்தியில் முஸ்லிம் சகோதரர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞன் இறந்தான். அடுத்த நாள் நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம். அன்று இரவு நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தோம். அந்த மணமும் அந்தச் சத்தமும் எனக்கு முன்பே பழக்கம். அராபியர் வைத்த பெயரைத் தாங்கிய கல் பிறந்த மண் இது என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கல் எறிந்தவர்களிடம் சொல்லியிருக்க முடியாது.

மற்றது நிலநடுக்கம். 2020 ஆகஸ்ட் 29 இரவு எட்டரை மணி போல நிலம் அதிர்ந்தது. பாத்திரங்கள் கலகலத்தன. ஷெல் அடிக்குப் பழகிய நான் என்னை அறியாமலே நிலத்தில் படுத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா வெளியே ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். பிறகு அந்த வருட முடிவுவரை சின்னச் சின்ன நடுக்கங்கள் வந்தன. நீர்த்தேக்கமா, கல் உடைக்கிற வெடியா, சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கிற குகை இடிந்ததா என்று ஊர் முழுக்கப் பேச்சு. பல்லேகலையில் நில அதிர்வு பதிகிற நிலையம் இருக்கிறது. குமாரசுவாமியின் அளவையிலிருந்து வளர்ந்த அந்தப் பணியகத்தின் ஆட்கள்தான் வந்து வீடு வீடாக விசாரித்து, சுவர் வெடிப்பை அளந்து, எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். வந்த இளைஞன் என் பெயரைக் கேட்டு, சிங்களத்தில் எழுதி, சரியா என்று காட்டினான். பிறகு கொப்பியில் கங்கபிட்டிய, அம்பகோட்டை, கெங்கல்ல என்று ஊர்ப் பெயர்களின் கீழே கோடு போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.